டயட் சாப்பாடு டப்பாவுக்கு மாசச் சந்தா கட்டலாமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதிலும்

ஆபீஸ்லயும் சரி அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்லயும் சரி, யாராவது ஒருத்தர் வாரத்துக்கு ஒரு தடவை இதைக் கேட்டுடறாங்க. மாசாமாசம் பணம் கட்டுனா கலோரி எண்ணி காலைல மதியம் ராத்திரினு டப்பா வீட்டுக்கே வருமாம், சாப்ட்டா வெயிட் குறையுமாம், கட்டலாமானு. நான் டாக்டரும் இல்ல டயட்டீஷியனும் இல்ல. சென்னைல சில கேட்டரிங் கிச்சனுக்கு கணக்கு பாக்கற ஆளு, அதனால இந்த டப்பா உள்ள போறதும் தெரியும், பில்லுல என்ன வருதுனும் தெரியும். தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

இது புதுசா வந்த விஷயமா?

நம்ம ஊருக்குத்தான் புதுசு. அமெரிக்கால நியூட்ரிசிஸ்டம்ங்கற டயட் சாப்பாட்டுக் கம்பெனி 1972ல ஆரம்பிச்சது. ஜென்னி கிரெய்க் 1983ல ஆஸ்திரேலியா மெல்போர்ன்ல ஆரம்பிச்சு அப்புறம் அமெரிக்கா போய் ஊரெல்லாம் சென்டர் திறந்தாங்க, ஆலோசகர்கிட்ட வாராவாரம் போய் எடை பாத்துட்டு அவங்க சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காசு குடுத்து வாங்கிட்டு வரணும். அந்த ஜென்னி கிரெய்க் 2023 மே மாசம் கடையை மூடி திவால் ஆயிடுச்சு. அதே வருஷம் நியூட்ரிசிஸ்டத்தோட ஓனர் கம்பெனியே அந்தப் பேரை வாங்கி வீட்டு டெலிவரியா மறுபடி விக்க ஆரம்பிச்சாங்க. நாப்பது வருஷம் வெயிட் குறைக்கறதையே தொழிலா பண்ணவங்க கதை இது. இங்க அதோட சின்ன வடிவம்தான், ஒரு கிளவுட் கிச்சன், ஒரு இன்ஸ்டா பக்கம், வாட்ஸப்ல வாராந்திர மெனு, டெலிவரிக்கு ரெண்டு மூணு பைக்.

சரி, நேரா சொல்லுங்க, வெயிட் குறையுமா குறையாதா?

குறையும். டப்பால வர்றத மட்டும் சாப்ட்டா கண்டிப்பா குறையும். ஒரு நாளைக்கு 1200லேருந்து 1400 கலோரி குடுத்தா யாருக்குத்தான் குறையாது, அதுல மந்திரம் ஒண்ணும் கிடையாது. என் சந்தேகம் குறையுமாங்கறதுல இல்ல, எத்தனை நாளைக்குங்கறதுல. அதைப் பத்தி கீழ பெருசா சொல்லியிருக்கேன்.

முதல்ல இந்த "7 நாள் டிரயல் பேக்" சமாச்சாரம். ஏழு நாள்ல 2 கிலோ குறைஞ்சுடுச்சுனு சொல்லி நிறைய பேர் எட்டாவது நாள் 3 மாசப் பேக் கட்டிடறாங்க. நம்ம உடம்பு ஈரல்லயும் தசைலயும் கிளைக்கோஜன்னு மாவுச்சத்த சேர்த்து வெச்சிருக்கும், சுமார் 400-500 கிராம், ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். திடீர்னு சோறு, சப்பாத்தி எல்லாம் கம்மி பண்ணா முதல்ல கரையறது இதுதான், கூடவே தண்ணி போயிடும், ஓட்டல் உப்பும் இல்லைனா இன்னும் கொஞ்சம் போகும். மெஷின்ல ஒன்றரை கிலோ ரெண்டு கிலோ இறங்கிக் காட்டும். கொழுப்பு அதுல கொஞ்சம்தான். ஒரு கல்யாண சாப்பாடு சாப்ட்டு வந்தா பாதி திரும்ப ஏறிடும். டிரயல் பேக் ஏன் சரியா 7 நாள்னு இப்ப புரியுதா?

"மாசம் 5 கிலோ கேரண்டி"னு போடறாங்களே?

கணக்கு போட்டுப் பாத்துடலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு தோராயமா 7700 கலோரி. அஞ்சு கிலோனா 38,500. அதை 30 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1280 கலோரி பத்தாக்குறை வரணும். உக்காந்து வேலை பாக்கற ஒரு பொண்ணுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 1800 செலவாகுதுனு வெச்சுக்குங்க, அப்ப அவங்க சாப்பிட வேண்டியது 520 கலோரி. அதாவது சட்னி சாம்பாரோட ஒரு மசால் தோசையும் ஒரு காபியும் ஆனா அன்னிக்கு அவ்ளோதான். டப்பால 1300 குடுத்துட்டு 5 கிலோ கேரண்டினு சொன்னா அந்த ரெண்டு நம்பரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. 110 கிலோ இருக்கற ஆளுக்கு முதல் மாசம் தண்ணியும் சேர்த்து அப்படிக் காட்டலாம், அந்த ஆளோட போட்டோதான் விளம்பரத்துல வரும்.

ஆனா ஆராய்ச்சில நிரூபிச்சிருக்குனு சொல்றாங்களே?

ஆமா, இருக்கு. இதை நான் மறைக்க மாட்டேன். இங்கதான் கவனமா படிக்கணும்.

2010ல ஜாமாங்கற பெரிய அமெரிக்க மருத்துவப் பத்திரிகைல ஜென்னி கிரெய்க் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. 442 பொண்ணுங்க, ரெண்டு வருஷம். சென்டருக்குப் போனவங்களுக்கு சராசரி 7.4 கிலோ குறைஞ்சுது, போன்ல ஆலோசனை வாங்குனவங்களுக்கு 6.2 கிலோ, சும்மா வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவங்களுக்கு 2 கிலோ. ரெண்டு வருஷம் கழிச்சும் பத்துல ஒம்போது பேர் எடை பாக்க வந்தாங்க. நல்ல ரிசல்ட்தான், இல்லைனு சொல்லல. ஆனா அந்த ஆய்வுக்கு பணம் குடுத்தது ஜென்னி கிரெய்க், அதை விட முக்கியம் அந்தப் பொண்ணுங்களுக்கு சாப்பாடும் ஆலோசனையும் இலவசம்.

இப்ப இன்னொண்ணு பாருங்க. அதே ஜென்னி கிரெய்க், ஆனா இந்தத் தடவை தன் சொந்தக் காசுல கட்டி சேர்ந்த நிஜக் கஸ்டமருங்க. 2001 மே மாசத்துலேருந்து 2002 மே மாசம் வரைக்கும் ஒரு குறிப்பிட்ட திட்டத்துல சேர்ந்த 60,164 பேரோட கணக்கு, 2007ல வெளியாச்சு. 4 வாரத்துல 73 சதவீதம் பேர் இருந்தாங்க. 13 வாரத்துல 42. 26 வாரத்துல 22. ஒரு வருஷம் முடியும்போது 6.6 சதவீதம்.

6.6. நூறு பேர் கட்டுனா ஏழு பேர் கூட இல்ல. கடைசி வரைக்கும் நின்னவங்களுக்கு நல்லாவே குறைஞ்சிருந்தது, அதை யாரும் மறுக்கல. கம்பெனிக்காரங்க "எங்க பிளான் வேலை செய்யுது"னு சொல்லும்போது இந்த ஏழு பேரைக் காட்டறாங்க, மீதி தொண்ணூத்தி சொச்சம் பேருக்கு "நீங்கதான் ஒழுங்கா ஃபாலோ பண்ணல"னு ஒரு வரி. எனக்கு இதுலதான் கோவம் வரும். ஒரு பள்ளிக்கூடத்துல நூத்துக்கு தொண்ணூத்தி மூணு பசங்க பாதில நின்னுட்டா பசங்க மேலயா பழி போடுவோம்?

2015ல இந்த மாதிரி கமர்ஷியல் திட்டங்கள் எல்லாத்தையும் சேர்த்துப் பாத்து ஒரு தொகுப்பு ஆய்வும் வந்துச்சு. ஒரு வருஷத்துல, ஒண்ணும் பண்ணாதவங்க இல்ல வெறும் அறிவுரை வாங்குனவங்கள விட, வெயிட் வாட்சர்ஸ்ங்கற இன்னொரு எடை குறைப்புக் கம்பெனி ஆளுங்களுக்கு உடம்பு எடைல 2.6 சதவீதம், ஜென்னி கிரெய்க் ஆளுங்களுக்கு 4.9 சதவீதம் கூடுதலா குறைஞ்சுது. நியூட்ரிசிஸ்டத்துக்கு 3 மாசக் கணக்குதான் கிடைச்சுது, 3.8. 80 கிலோ ஆளுக்கு ரெண்டுலேருந்து நாலு கிலோ வித்தியாசம்னு வெச்சுக்கங்க. மோசமில்ல. ஆனா விளம்பரத்துல வர்ற அந்த பழைய பேண்ட்டை இழுத்துக் காட்டற போட்டோவும் இதுவும் ஒண்ணா?

அதனால இங்க சேர்றதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "போன வருஷம் இதே மாசம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இப்பவும் இருக்காங்க, அவங்க எடை இப்ப என்ன?" கேட்டுப் பாருங்க. பதிலுக்கு ஒரு சக்சஸ் ஸ்டோரி வீடியோ அனுப்புவாங்க.

டப்பா மேல 412 கலோரினு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அது உண்மையா?

இது என் ஏரியா, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அமெரிக்கால ஃபேக்டரில மெஷின்ல அடைக்கற ஃப்ரோசன் சாப்பாட்டையே 2010ல ஒரு குழு லேப்ல எரிச்சு அளந்து பாத்துச்சு, லேபிள்ல போட்டதை விட சராசரியா 8 சதவீதம் ஜாஸ்தி, ஓட்டல் சாப்பாட்டுல 18 சதவீதம் ஜாஸ்தி. அங்க சட்டமே லேபிளை விட 20 சதவீதம் வரைக்கும் கலோரி கூடப் போனா விட்டுடும். மெஷின்ல அடைக்கறதுக்கே இந்தக் கதினா கரண்டில அள்ளிப் போடறதுக்கு?

நம்ம கிச்சன்ல எப்படி நடக்குதுனா, ஸ்டிக்கர் முந்தின நாள் ராத்திரியே ரோலா பிரிண்ட் ஆயிடும். விடியக்காலை 4 மணிக்கு அடுப்பு பத்த வெப்பாங்க. பெரிய அண்டால மாஸ்டர் எண்ணெய் பாக்கெட்டோட மூலையைப் பல்லால கடிச்சு ஊத்துவார், அவர் கை எப்ப நிக்குதோ அதுதான் அளவு. குறிப்புல "ஒரு ஆளுக்கு 5 மில்லி"னு இருக்கும், அதை அவர் படிச்சதே கிடையாது, படிக்கச் சொல்லியும் யாரும் கேட்டதில்ல. அடி பிடிச்சா இன்னொரு பாக்கெட். பொரியல் டல்லா இருந்தா தேங்காய் ஒரு கை. டேஸ்ட் இல்லைனா கஸ்டமர் அடுத்த மாசம் புதுப்பிக்க மாட்டார்னு அவருக்கும் தெரியும் ஓனருக்கும் தெரியும்.

நான் கணக்கு பாக்கறதால எனக்கு இதுல ஒரு சுலபமான வழி இருக்கு. மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கியிருக்காங்க, எத்தனை டப்பா போயிருக்கு, வகுத்தா போச்சு. உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 300 டப்பா போகுது, 6 லிட்டர் எண்ணெய் தீருதுனு வெச்சுக்குங்க. டப்பாவுக்கு 20 மில்லி. அது மட்டுமே சுமார் 165 கலோரி. ஸ்டிக்கர்ல 5 மில்லிக்கு கணக்கு போட்டிருந்தா அங்க 40தான். ஒரு டப்பால 125 கலோரி காணாமப் போச்சு, ரெண்டு வேளைக்கு 250. "நான் எல்லாம் கரெக்டா சாப்பிடறேன் ஆனா குறைய மாட்டேங்குது, எனக்கு தைராய்டா இருக்குமோ"னு கவலைப்படறவங்கள்ல சில பேருக்கு விடை அந்த அண்டாக்குள்ளதான் இருக்கு. எல்லா கிச்சனும் இப்படினு சொல்ல வரல, தராசு வெச்சு கிராம் கணக்குல அளந்து போடறவங்களும் இருக்காங்க, ஆனா அவங்க டப்பா விலை வேற மாதிரி இருக்கும், மெனுவும் போரடிக்கும்.

வீட்ல சமையல் தராசு இருந்தா ஒரு நாள் டப்பாவைப் பிரிச்சு சோறு தனியா, பொரியல் தனியா வெச்சு எடை பாருங்க. அதே மெனு மறுபடி வர்றப்ப திரும்பவும் பாருங்க. வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி. ஒரு வாரம் 120 கிராமும் அடுத்த வாரம் 190 கிராமும் வந்து ஸ்டிக்கர் நம்பர் மட்டும் அதே 412னா மேல சொல்ல ஒண்ணுமில்ல.

மில்லட் பிளான் எடுத்தா? சாமை, வரகு, தினை எல்லாம் வெயிட் குறைக்கும்ல?

சமைக்காத அரிசி 100 கிராம்ல 350 கலோரி கிட்ட இருக்கு. சாமை வரகு தினையும் அதுக்குப் பக்கத்துலதான், 330லேருந்து 350. தவிட்டோட இருந்தா நார்ச்சத்து ஜாஸ்தி, கொஞ்சத்துலயே வயிறு நிறையும், சுகர் ஏர்ற வேகமும் சில பேருக்கு குறையும், அதெல்லாம் நல்ல விஷயம். நல்லா பாலிஷ் பண்ணி வெள்ளையா வர்றதுல அதுவும் பாதி போயிடும். ஆனா மில்லட்ங்கறதால அளவில்லாம சாப்ட்டா அரிசிக்கும் அதுக்கும் இடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் அந்த மில்லட் பிரியாணி டப்பால மேல மினுக்கறது என்னனு ஒரு டிஷ்யூ பேப்பரால ஒத்திப் பாருங்க.

"ஹை புரோட்டீன்" டப்பா?

துண்டை எண்ணுங்க. நாலு துண்டு பனீர், 40 கிராம் வரும், அதுல 7 கிராம் புரோட்டீன். வேகவெச்ச சுண்டல் 100 கிராம்ல 8, 9 கிராம். ஒரு முட்டைல 6. சமைச்ச சிக்கன் நெஞ்சுக்கறி 100 கிராம் இருந்தாத்தான் 30 கிட்ட வரும். டப்பா மேல 35 கிராம்னு போட்டுட்டு உள்ள நாலு துண்டு பனீரும் மீதி குடமிளகாயுமா இருந்தா கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

டீடாக்ஸ் ஜூஸும் சேர்த்து தர்றாங்க, எடுக்கலாமா?

அந்த வேலைக்கு ஈரலும் கிட்னியும் ஏற்கனவே டூட்டில இருக்கு. ஜூஸ் வேண்டாம்னு சொல்லி காசைக் கழிக்கச் சொல்லுங்க.

குறைஞ்ச வெயிட் ஏன் திரும்ப வருது? மன உறுதி இல்லாததாலயா?

இல்லவே இல்ல. அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேவ எடுத்துக்குங்க. 1988 நவம்பர்ல டிவி ஷோல ஒரு சின்ன சிவப்பு வண்டில 67 பவுண்டு மிருகக் கொழுப்பை இழுத்துட்டு வந்தாங்க, அதாவது 30 கிலோ, நான் குறைச்சது இவ்ளோனு காட்ட. மாசக்கணக்குல சாப்பாடே இல்லாம திரவ உணவுல இருந்து குறைச்சது. நிஜ சாப்பாடு சாப்பிட ஆரம்பிச்சதும் திரும்ப ஏறிடுச்சு, அவங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. 2015ல வெயிட் வாட்சர்ஸ் கம்பெனில பத்து சதவீதம் வாங்குனாங்க. 2023 டிசம்பர்ல வெயிட் குறைக்கற மருந்து எடுத்துக்கறேன்னு சொன்னாங்க. அந்த வெயிட் வாட்சர்ஸ் 2025 மே மாசம் கடன் தாங்காம திவால் கோர்ட்டுக்குப் போச்சு. காசு, சமையல்காரர், பயிற்சியாளர், மன உறுதி எதுலயும் அந்தம்மாவுக்கு குறை கிடையாது.

உடம்பு என்ன பண்ணுதுங்கறதுக்கு 2016ல கெவின் ஹால்ங்கற விஞ்ஞானி குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்க டிவில வெயிட் குறைக்கற போட்டில கலந்துகிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பாத்தாங்க. நிறைய பேருக்கு பெரும்பாலான எடை திரும்பி வந்திருந்தது. அவங்க உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கற கலோரி, அவங்க உடல்வாகுக்கு எதிர்பார்க்கறத விட ஒரு நாளைக்கு சுமார் 500 கம்மியாவே இருந்தது, ஆறு வருஷம் கழிச்சும். அவங்க குறைச்சது ரொம்ப வேகமா ரொம்ப அதிகம், உங்களுக்கும் அதே 500 வரும்னு சொல்ல முடியாது, ஆனா உடம்பு எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரியுதுல்ல.

டப்பா இதுக்கு என்ன பண்ணும்? சந்தா இருக்கற வரைக்கும் முடிவெல்லாம் அது எடுக்கும். எவ்ளோ சோறு, எவ்ளோ குழம்பு, ரெண்டாவது தடவை போட்டுக்கலாமா, சித்தி வீட்டுல வற்புறுத்தி வெக்கற பாயசத்துக்கு என்ன சொல்றது, ராத்திரி 10 மணிக்கு ஆபீஸ் முடிஞ்சு வந்தா என்ன பண்றது, இது எதையும் நீங்க பழகவே இல்ல. சந்தா முடிஞ்ச மறுநாள் பழைய தட்டு, பழைய கரண்டி, பழைய கை.

சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடறேன், டப்பா எடுக்கலாமா?

டாக்டரைக் கேக்காம எடுக்கவே கூடாது, இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க திடீர்னு சாப்பாட்டைப் பாதியாக்குனா லோ சுகர் ஆகி மயங்கி விழலாம். பிரஷரும் எடை குறைஞ்சா இறங்கும், பழைய டோஸே தொடர்ந்தா எழுந்து நிக்கும்போது தலை சுத்தும். வேகமா எடை குறையறப்ப பித்தப்பைல கல்லு வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி. கிட்னி பிரச்சினை இருந்தா ஹை புரோட்டீன் பக்கமே போகாதீங்க. கர்ப்பமா இருந்தாலோ பால் குடுத்துட்டு இருந்தாலோ இந்த 1200 கலோரி பிளான் எல்லாம் உங்களுக்கானது இல்ல.

"சுகரை ரிவர்ஸ் பண்ணலாம்னு லண்டன்ல நிரூபிச்சிருக்காங்க"னு ஒரு ஃபார்வர்ட் வரும், இந்த டப்பாக் கம்பெனிங்க சிலதும் அதைப் போடறாங்க. அது டைரக்ட்னு ஒரு ஆய்வு, ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்தோட டைன்சைடு பக்கமும் நடந்தது, முதல் முடிவு லான்செட் பத்திரிகைல 2018 இதழ்ல அச்சாச்சு. 306 பேர். ஒரு வருஷத்துல இந்தத் திட்டத்துல இருந்தவங்கள்ல 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாம சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்த குரூப்ல 4 சதவீதம்தான். நிஜமாவே பெரிய விஷயம். ஆனா அங்க என்ன பண்ணாங்கனு முழுசா படிக்கணும். முதல் நாளே டாக்டர் மேற்பார்வைல சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை நிறுத்துனாங்க, மூணுலேருந்து அஞ்சு மாசம் சூப், ஷேக் மட்டும் 850 கலோரி கிட்ட, அப்புறம் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா சாதா சாப்பாட்டுக்குத் திருப்பி, அதுக்கப்புறமும் நர்ஸோ டயட்டீஷியனோ மாசாமாசம் பாத்துட்டே இருந்தாங்க. ரெண்டு வருஷத்துல அந்த 46, 36 ஆச்சு. இங்க கம்பெனிக்காரங்க அந்த ஆய்வுலேருந்து எடுத்துக்கறது சாப்பாட்டுப் பகுதியை மட்டும். நர்ஸ் வர மாட்டாங்க, டெலிவரி தம்பிதான் வருவார்.

அவங்ககிட்டயே டயட்டீஷியன் இருக்காங்களே, ஆப்ல சாட் பண்ணலாமாம்?

அவங்க உங்ககிட்ட முதல்ல மாத்திரை லிஸ்டும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கேட்டாங்களா இல்ல பேமென்ட் லிங்க் அனுப்புனாங்களா, அதை வெச்சே முடிவு பண்ணிடலாம். இந்திய டயட்டெடிக் சங்கம் பரீட்சை வெச்சு பதிவு குடுக்குது, பதிவு நம்பர் கேளுங்க. மூணு மாச ஆன்லைன் கோர்ஸ் முடிச்சுட்டு "நியூட்ரிஷன் கோச்"னு போட்டுக்கறவங்க வேற ரகம்.

மொத்தமா எவ்ளோ செலவாகும்?

ஒரு வேளைக்கு 250 ரூபாய்னு வெச்சுக்குங்க. ரெண்டு வேளை, 26 நாள், 13,000 ரூபாய். வீட்ல மத்தவங்களுக்கு எப்படியும் சமைக்கத்தான் போறீங்க, அந்தச் செலவு அப்படியே இருக்கும். சாயந்திரம் 5 மணிக்கு பசிக்கும், அதுக்கு ஒரு டீ வடை. மூணு மாசப் பேக்கா கட்டுனா டிஸ்கவுண்ட் தருவாங்க, ஏன் தர்றாங்கனா அந்த 13 வாரத்துல பாதிக்கு மேல பேர் நின்னுடுவாங்கனு இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியும். முன்பணம் வாங்கிட்டா நீங்க சாப்ட்டாலும் சாப்பிடலைனாலும் அவங்களுக்கு கவலையில்ல, சாப்பிடலைனா அரிசி மிச்சம்.

கேன்சல் பண்ண முடியாம இழுத்தடிக்கறாங்க, என்ன பண்றது?

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, கம்பெனி பேர் வேண்டாம், ஊருக்குப் போறேன்னு ரெண்டு வாரம் டப்பாவை நிறுத்தி வெக்கற "பாஸ்" போட்டாங்க. திரும்பி வந்தா அந்த நாளெல்லாம் காலாவதி ஆயிடுச்சாம், கண்டிஷன்ல போட்டிருக்காம். கேன்சல் பட்டன் ஆப்ல எங்கயும் இல்ல, போன் பண்ணா கஸ்டமர் கேர் பொண்ணு "ஏன் மேடம், உங்க டார்கெட்டை பாதில விடறீங்களே"னு மோட்டிவேஷன் கிளாஸ் எடுத்திருக்கு.

யூபிஐ ஆட்டோபேனா கம்பெனி தயவே தேவையில்ல, உங்க பேமென்ட் ஆப்ல ஆட்டோபேங்கற இடத்துல போய் நீங்களே நிறுத்திடலாம். கார்டுல போட்டிருந்தா பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க்லேருந்து மெசேஜ் வரணும்ங்கறது ரிசர்வ் வங்கி விதி, அந்த மெசேஜ்ல நிறுத்தற வழியும் இருக்கும், படிக்காம தள்ளிடாதீங்க. சேர்றது ஒரு கிளிக்ல, வெளிய வர்றது ஒம்போது படில, இந்த மாதிரி சந்தாப் பொறியை மத்திய அரசு 2023 நவம்பர்ல 13 ஏமாத்து வித்தைனு பட்டியல் போட்டதுல சேர்த்திருக்கு. 1915க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழ்லயும் பேசலாம். சாட், ரசீது எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

சாப்பாடு சுத்தமா இருக்குமா?

காலைல 7 மணிக்கே மூணு வேளை டப்பாவும் ஒண்ணா வருதுனா எனக்குப் பிடிக்காது. சமைச்சது ஒண்ணு 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்ல 5 டிகிரிக்கு கீழ குளிரா இருக்கணும். மே மாச சென்னைல ஆபீஸ் டேபிள் மேல ஒரு மணி வரைக்கும் உக்காந்திருக்கற முளைகட்டின பயறு சாலட் ரெண்டுலயும் சேராது. பெரிய கம்பெனினாலும் கண்ண மூடிட்டு நம்ப வேண்டாம், 2022ல அமெரிக்கால டெய்லி ஹார்வெஸ்ட்னு வீட்டுக்கு டெலிவரி பண்ற ஹெல்தி சாப்பாட்டுக் கம்பெனியோட ஒரு பருப்பு ஐட்டத்தால நூத்துக்கணக்கானவங்களுக்கு உடம்பு முடியாமப் போச்சு, சில பேருக்கு பித்தப்பையவே எடுக்க வேண்டி வந்தது. அதுல சேர்த்திருந்த தாரா மாவுங்கற புது சரக்குதான் காரணம்னு கம்பெனி சொல்லுச்சு. இங்க டப்பால உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கானு பாருங்க, அது இல்லாத டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

இப்ப வெயிட் குறைக்கற ஊசி வந்துடுச்சே, இனிமே டப்பா எதுக்கு?

மவுஞ்சாரோ 2025 மார்ச்லயும் வெகோவி ஜூன்லயும் இந்தியாவுக்கு வந்துச்சு. டாக்டர் சீட்டு வேணும், பக்க விளைவு இருக்கு, நிறுத்துனா எடை திரும்பறது அதுலயும் இருக்கு. அது தனிக் கதை, அதுக்கு டாக்டர்தான் பேசணும். டப்பாக்காரங்க மட்டும் சும்மா இல்ல, அமெரிக்கால "ஊசி போடறவங்களுக்கான ஸ்பெஷல் சாப்பாடு"னு விக்க ஆரம்பிச்சுட்டாங்க, நெஸ்லே 2024லயே அதுக்குனு ஒரு பிராண்ட் அறிவிச்சுது. இங்கயும் வரும் பாருங்க.

எனக்கு சமைக்க நேரமே இல்ல. நீங்க சொல்றது எல்லாம் சரி, நான் என்ன பண்ணட்டும்?

நியாயமான கேள்வி. சிறுசேரில பிஜில தங்கி ராத்திரி பரோட்டா, பிரைடு ரைஸ்னு ஓட்டற பையனுக்கு டப்பா நிச்சயமா பரவால்ல. ஆபீசும் குழந்தையும் மாமியாருமா ஓடிட்டு இருக்கற பொண்ணுகிட்ட போய் "வீட்டுலயே சமைச்சு சாப்டுங்க"னு அட்வைஸ் பண்றவங்களப் பாத்தா எனக்கே எரிச்சல் வரும், அவங்க வீட்ல யார் சமைக்கறாங்கனு கேக்கணும். டப்பா வேணும்னா மாசாமாசம் கட்டுங்க, ஒரு வேளை மட்டும் எடுங்க, எந்த வேளைல நீங்க அதிகம் தடுமாறறீங்களோ அந்த வேளை. இல்லைனா பக்கத்துல இருக்கற மெஸ் அக்காகிட்ட சொல்லி வெக்கலாம், "சோறு ஒரு கரண்டி, பொரியல் மூணு கரண்டி, அப்பளம் வேண்டாம், தினமும் ஒரு முட்டை"னு. சொன்னா கேப்பாங்க, டப்பா விலைல பாதி கூட ஆகாது, கேன்சல் பண்றதுக்கு ஆப்பும் தேவையில்ல.

ஏற்கனவே 3 மாசம் கட்டிட்டேன், இப்ப போய் சொல்றீங்களே?

கட்டுனது கட்டுனதுதான், அதை உருப்படியா ஆக்கிக்கலாம். டப்பாலயே சாப்பிடாதீங்க. தினமும் அதை உங்க வீட்டுத் தட்டுல கொட்டி, சோறை உங்க வீட்டுக் கரண்டியால அளந்து பாருங்க, எத்தனை கரண்டி வருதுனு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டுங்க. ரெண்டாவது மாசத்துலேருந்து காலை டப்பாவை நிறுத்தி காசை மத்த நாளுக்கு நீட்டிக்க முடியுமானு கேளுங்க, காலை டிபன் நீங்களே பண்ணிக்கங்க, ரெண்டு இட்லி, பருப்பு நிறைய போட்ட சாம்பார், ஒரு முட்டை, இதுக்கு ஸ்டிக்கர் வேண்டாம். மூணாவது மாசம் ஒரு நாள் டப்பா ஒரு நாள் வீடுனு மாத்தி மாத்திப் போங்க. எடையை வாரத்துல ஒரே நாள், காலைல, ஒரே மெஷின்ல பாருங்க. முடிவுல புதுப்பிக்கச் சொல்லி போன் வரும், 20 சதவீதம் ஆஃபர்ம்பாங்க. அப்ப போன வருஷம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இப்பவும் இருக்காங்கங்கற அந்தக் கேள்வியை மறக்காம கேளுங்க, என்ன பதில் சொன்னாங்கனு எனக்கும் சொல்லுங்க.